தோட்டா உறையை முழுவதுமாகப் பழுக்கக் காய்ச்சக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் துப்பாக்கி சுடும் விளையாட்டில் ஈடுபடுவோர் தங்கள் தோட்டாக்களைத் தாங்களே மறுபடி நிரப்பிக்கொள்ளும் வழக்கத்தைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். தமிழில் அதிகம் எழுதப்படாத ஒரு துறையைப் பொறுமையாக விளக்க முயன்ற கட்டுரையாளரைப் பாராட்டுகிறேன். ஆனால், கடைகளில் கிடைக்காத ‘வைல்ட்கேட்’ வகைக் கைத்துப்பாக்கித் தோட்டாக்களுக்குப் பித்தளை உறை தயாரிப்பதைச் சொல்லும் பகுதியில், “உறை முழுவதையும் அடுப்பில் சிவக்கக் காய்ச்சி இளக்கிய பிறகு வேண்டிய வடிவத்துக்கு அழுத்திக்கொள்கிறார்கள்” என்ற பொருளில் ஒரு வாக்கியம் இடம்பெற்றுள்ளது. அந்த வேலையில் எதை ஒருபோதும் செய்யக் கூடாதோ அதையே அந்த வாக்கியம் வழக்கமான செய்முறையாகச் சொல்லிவிட்டது. உலோகவியல் பொறியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும், அரிசோனாவில் ஒரு சுடுதல் மன்றத்தில் உறுப்பினராக இருப்பவன் என்ற முறையிலும் இதைத் திருத்த வேண்டியது என் கடமை என்று கருதுகிறேன்.

தோட்டா உறைக்குப் பயன்படும் பித்தளையில் செம்பு எழுபது பங்கும் துத்தநாகம் முப்பது பங்கும் இருக்கும். சூடாக்காமலேயே நன்றாக நீட்டவும் குறுக்கவும் இடம்கொடுக்கும் கலவை இது. அப்படி நீட்டும்போதும் குறுக்கும்போதும் அது இறுகிக்கொண்டே போகும். ஓர் அளவுக்கு மேல் இறுகிவிட்டால் பிளந்துவிடும். குடம் அடிக்கும் கன்னார் நாலு சுற்றுத் தட்டியதும் பாத்திரத்தைத் தணலில் இட்டு எடுத்து மறுபடி தட்டுவதும் இந்தக் காரணத்தால்தான். கட்டுரையாளரும் இப்படி ஏதோ ஒன்றை மனத்தில் வைத்துத்தான் எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன். ஆனால் குடத்துக்கு எல்லாப் பக்கமும் ஒரே பதம் போதும். தோட்டா உறைக்கு அது ஆகாது. அடியில் ஒரு பதமும் கழுத்தில் வேறொரு பதமும் இருக்க வேண்டிய பண்டம் அது.

இதற்கான காரணம் சுடும் கணத்தில் இருக்கிறது. .44 மேக்னம் என்ற பரவலான கைத்துப்பாக்கித் தோட்டாவை எடுத்துக்கொண்டால், அதற்கு அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்கள் ஏற்றுக்கொண்டிருக்கும் அழுத்த உச்சவரம்பு சதுர அங்குலத்துக்கு 36,000 பவுண்டு. அந்த அழுத்தம் எழும்போது உறையின் கழுத்தும் மெல்லிய சுவரும் விரிந்து, தோட்டா அறையின் எஃகுச் சுவரோடு ஒட்டி, வாயு பின்பக்கம் கசியாமல் அடைத்துவிட வேண்டும். அழுத்தம் தணிந்ததும் அதே சுவர் சற்றே சுருங்கி எஃகை விட்டு விலகினால்தான் காலி உறையை வெளியே எடுக்க முடியும். அடிப்பகுதியோ சிறிதும் விரியக் கூடாது. வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியான பிரைமர் பொருந்தியிருக்கும் குழி அங்கேதான் இருக்கிறது. அடி இளகியிருந்தால் அந்தக் குழி அகன்று, பிரைமர் கழன்று, சுடுபவரின் முகத்தை நோக்கி வாயு பீறிடும். பல துப்பாக்கிகளில் உறையின் அடிப்பக்கத்தில் சிறு பகுதிக்கு எஃகின் அணைப்பே கிடையாது. அந்த இடத்தில் அழுத்தத்தைத் தாங்குவது பித்தளையின் சொந்த இறுக்கம் மட்டுமே.

தொழிற்சாலையில் இந்த இருவகைப் பதம் எப்படி வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வட்டத் தகட்டைக் கிண்ணமாக அழுத்தி, அந்தக் கிண்ணத்தைப் பல முறை இழுத்து நீளமான குழாயாக்குகிறார்கள். இடையிடையே சூடாக்கி இளக்குகிறார்கள். பிறகு அடியைப் பெரும் விசையோடு அழுத்தி, பிரைமர் குழியையும் எழுத்துகளையும் பதிக்கிறார்கள். அந்த அழுத்தத்தால்தான் அடி இறுகுகிறது. அதன் பிறகு அதன்மேல் நெருப்பே படுவதில்லை. கழுத்தையும், அதற்குக் கீழே சரிந்து அகலும் தோளையும் குறுக்கிய பிறகு அந்தப் பகுதியை மட்டும் சுடர்களுக்கு நடுவே ஓடவிட்டு இளக்குகிறார்கள். இராணுவத் தோட்டாக்களின் கழுத்தில் நீலமும் பழுப்பும் கலந்து தெரியும் கறை அப்போது ஏற்படுவது. விற்பனைக்கு வரும் தோட்டாக்களில் பெரும்பாலும் அதை மெருகிட்டு நீக்கிவிடுவார்கள். இராணுவத் தோட்டாக்களில் விட்டுவைப்பார்கள். தங்கள் கட்டுரையோடு வெளியான படத்தில் இருந்த உறையிலும் அந்தக் கறை தெளிவாகத் தெரிகிறது. அது பலமுறை சுட்டதால் ஏற்பட்ட தீய்ப்பு என்று படக்குறிப்பு சொல்கிறது, அது சரியல்ல. கறை தோளுக்குச் சற்றுக் கீழே நின்றுவிடுவதையும், அதற்குக் கீழே அடிவரை பித்தளை தன் இயல்பான மஞ்சளில் இருப்பதையும் வாசகர்கள் அந்தப் படத்திலேயே பார்க்கலாம்.

பித்தளையைப் பற்றிய இன்னொரு உண்மை, இரும்பு வேலை பழகியவர்களுக்கு நம்பக் கடினமாக இருக்கும். எஃகைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் இறுகும். இந்தப் பித்தளை அப்படி இறுகாது. காய்ச்சியதை மெல்ல ஆறவிட்டாலும் தண்ணீரில் போட்டாலும் ஒரே அளவு இளக்கம்தான். இதை இறுக வைக்க நெருப்பால் முடியாது. அழுத்தியோ அடித்தோ வளைத்தோதான் முடியும். எனவே அடி ஒருமுறை இளகிவிட்டால் வீட்டுப் பட்டறையில் அதை மீட்க வழியே இல்லை. அந்த உறையை நசுக்கிப் பழைய பித்தளையோடு போட வேண்டியதுதான். மறுநிரப்பல் செய்வோர் கழுத்தை மட்டும் சூடாக்கும்போது உறைகளை ஒரு தட்டில் நிறுத்திப் பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி வைப்பது அடியில் சூடு ஏறாமல் இருப்பதற்காகத்தான். பித்தளை சாதாரண எஃகைவிட இரண்டு மடங்குக்கு மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். கழுத்தில் தயங்கித் தயங்கிச் சுடர் காட்டினால் சூடு அதற்குள் கீழே இறங்கிவிடும். சுடர் வலுவாகவும், வேலை சில நொடிகளில் முடிவதாகவும் இருக்க வேண்டும். குறிப்பிட்ட வெப்பநிலையில் உருகி நிறம் மாறும் வண்ணப்பூச்சை உறையில் தடவிப் பார்த்துக்கொள்பவர்களும் உண்டு. கண்ணால் நிறம் பார்த்து மதிப்பிடுவதைவிட இது மேலானது என்பது என் கருத்து. அளவுக்கு மீறிக் காய்ச்சினால் பித்தளைக்குள் இருக்கும் படிக மணிகள் பெருத்துவிடும். அத்தகைய உறையை விரிக்கும்போது மேற்பரப்பு ஆரஞ்சுப் பழத் தோல் போலச் சொரசொரப்பாகும். அப்படி ஆன கழுத்து குண்டை இறுக்கிப் பிடிக்காது.

இனி, வைல்ட்கேட் தோட்டாக்கள் ஏன் தோன்றின என்பது பற்றி. எந்தப் பெரிய உற்பத்தியாளரும் அடக்க விலைக்குக் கட்டுபடியாகும் என்று செய்யாத, ஏற்கப்பட்ட அளவுத் தரமும் இல்லாத தோட்டாக்களுக்கே அந்தப் பெயர் வழங்குகிறது. “வேடிக்கைக்காகச் செய்கிறார்கள்” என்று கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. வேடிக்கையும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கைத்துப்பாக்கியில் அதற்கு ஒரு தெளிவான தேவை இருந்தது. மெக்சிகோவிலிருந்து வந்த எஃகு உருவச் சுடுதல் போட்டி 1970-களில் அமெரிக்காவில் வேரூன்றியது. கைத்துப்பாக்கிக்கான சர்வதேச அமைப்பு 1976-இல் தொடங்கப்பட்டது. 50 மீட்டரில் கோழி, 100-இல் பன்றி, 150-இல் வான்கோழி, 200-இல் செம்மறிக்கடா என எஃகுத் தகட்டு உருவங்கள் நிற்கும். குண்டு பட்டால் மட்டும் மதிப்பெண் கிடையாது. உருவம் பீடத்திலிருந்து கீழே விழ வேண்டும். 200 மீட்டரில் அந்தக் கனத்த கடாவைச் சாய்க்கும் உந்தம் அன்றைய சாதாரணக் கைத்துப்பாக்கித் தோட்டாக்கள் பலவற்றிடம் இல்லை. ரைஃபிள் தோட்டாவின் உறையைக் குறுகிய குழலுக்குத் தக்கபடி வெட்டிக் குறைத்துக்கொள்வது அதற்கு ஒரு விடையாக அமைந்தது. 1967-இல் வந்த தாம்ப்சன் சென்டர் நிறுவனத்தின் ‘கன்டெண்டர்’ என்ற ஒற்றைத் தோட்டாக் கைத்துப்பாக்கியில் குழலை மட்டும் கழற்றி வேறு குழலை மாட்டிக்கொள்ள முடியும் என்பதால் இத்தகைய சோதனைகளுக்கு வழி திறந்தது.

அந்தத் துப்பாக்கிக்காக, போட்டி அமைப்பு உருவாவதற்கு முன்பே எழுந்ததுதான் .30 ஹெரெட். இடாஹோ மாநிலத்தில் துப்பாக்கிப் பிடிகள் செய்துவந்த ஸ்டீவ் ஹெரெட்டும், எழுத்தாளர் பாப் மைலெக்கும் 1970-களின் தொடக்கத்தில் வேட்டைக்காக அதை வடிவமைத்தார்கள். மூல உறை 1895 முதல் கிடைத்துவரும் .30-30 வின்செஸ்டர். அதன் நீளம் ஏறத்தாழ 51.8 மில்லிமீட்டர், ஹெரெட் உறையின் நீளம் ஏறத்தாழ 40.8 மில்லிமீட்டர். உறைக்கு வெளியே லானோலின் போன்ற மசகைத் தடவி, உருவாக்கும் அச்சான டைக்குள் பிரஸ் என்ற அழுத்துகருவியால் ஏற்றினால் தோள் பின்னுக்குத் தள்ளப்படும்; டையின் மேல்வாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மிச்சத்தை ஆக்சா பிளேடால் அறுத்து, டையின் முகத்தோடு சமமாக அரத்தால் ராவி, உள்ளும் புறமும் பிசிறை எடுக்க வேண்டும். மசகு குறைந்தால் உறை டைக்குள் சிக்கிக்கொள்ளும். கூடினால் தோளில் எண்ணெய் தேங்கிப் பள்ளம் விழும். இங்கே நெருப்புக்கு இருக்கும் இடம் மிகச் சிறியது. தேவைப்பட்டால் தோளும் கழுத்தும் மட்டும் இளக்கப்படும். உறை முழுவதும் இளகியிருந்தால் தோளைத் தள்ளும்போதே சுவர் மடிந்து சுருங்கிப்போகும். அடுப்பில் முழுதும் காய்ச்சும் வழி பாதுகாப்புக்கு மட்டுமல்லாமல் வேலைக்கே உதவாது என்பதற்கு இதுவே போதும்.

ஒரு வடிவத்தைக் குறுக்கும்போது பித்தளை எங்கும் காணாமல் போவதில்லை, தடிப்பாகத் திரள்கிறது. முன்பு தோளாக இருந்த தடித்த பகுதி இப்போது கழுத்தாகிவிடுவதால், புதிய கழுத்தின் சுவர் கூடுதல் கனத்தோடு அமையும். அறைக்குள் கழுத்து விரிய இடமில்லாவிட்டால் குண்டு எளிதில் விடுபடாது. அப்போது அழுத்தம் எதிர்பாராத அளவுக்கு ஏறிவிடும். எனவே கழுத்தை வெளியே கடைந்தோ உள்ளே ரீமர் என்ற துளை அகட்டும் கருவியை விட்டோ மெலிதாக்க வேண்டும். இதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான சான்று .44 ஆட்டோ மேக் கைத்துப்பாக்கியின் தோட்டா. கலிபோர்னியாவின் பாசடீனாவில் ஹேரி சான்ஃபோர்டின் நிறுவனம் 1971-இல் அந்தத் துப்பாக்கியைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது தயார்நிலைத் தோட்டா எளிதில் கிடைக்கவில்லை, வாங்கியவர்கள் .308 வின்செஸ்டர் அல்லது .30-06 உறைகளை வெட்டித் தாங்களே செய்துகொள்ள வேண்டியிருந்தது. பின்னர் மெக்சிகோவின் சி.டி.எம். நிறுவனம் தோட்டா செய்தது. 51 மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட .308 உறையை ஏறத்தாழ 33 மில்லிமீட்டருக்கு வெட்டும்போது பிளேடு இறங்கும் இடம் கழுத்தல்ல. உடலின் தடித்த சுவர். உள்ளே ரீமர் விடாமல் அந்த வாயில் குண்டைச் செருகவே முடியாது. இத்தனைக்கும் அந்த உறையின் அடி தொழிற்சாலையில் இறுகிய நிலையிலேயே கடைசிவரை விடப்படுகிறது என்பதைக் கட்டுரையாளர் கவனிக்க வேண்டுகிறேன்.

வாயை அகலப்படுத்தும் வேலைக்கு 7 மி.மீ. டி.சி.யு. என்ற வைல்ட்கேட் தோட்டா நல்ல எடுத்துக்காட்டு. .223 ரெமிங்டன் உறையின் கழுத்தை, 5.7 மில்லிமீட்டர் குண்டுக்குப் பதிலாக 7.2 மில்லிமீட்டர் குண்டைப் பிடிக்கும்படி விரிக்கிறார்கள். பழைய, இறுகிய கழுத்தாக இருந்தால் விரிக்கும்போதே கீறல் விடும். முதலில் கழுத்தை இளக்குவது இங்கே பயன்தரும். ஆனால் தோளின் கோணம் பிரஸ்ஸில் முழுமையாக வராது. அந்தத் தோட்டாவுக்கான துப்பாக்கியிலேயே முதல் முறை சுடும்போதுதான் உறை அறையின் வடிவத்தை முழுமையாக ஏற்கிறது. அந்த முதல் சூட்டில் உறையின் அடி பின்சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். இடைவெளி இருந்தால் சுத்தியல் ஊசி உறையை முன்னே தள்ளும். சுவர் அறையைப் பற்றிக்கொள்ளும். அடி மட்டும் பின்னுக்கு இழுபடும். அடிக்குச் சற்று மேலே சுவர் மெலிந்து, வெளியே பளபளப்பான வளையம் தெரிந்தால் அதுவே அறிகுறி. வெளியே தெரியாதபோது, முனையை வளைத்துக் கூராக்கிய மெல்லிய கம்பியை உள்ளே விட்டு அடியிலிருந்து மேல்நோக்கிச் சுவரில் இழுத்துப் பார்த்தால், மெலிந்த இடத்தில் முனை ஒரு பள்ளத்தில் விழுந்து தடுக்கும். அந்தத் தடை கையில் உணரப்பட்டால் உறையை நசுக்கிவிட வேண்டும். ஆகவேதான் டையை ஒரேயடியாக இறக்காமல் சிறிது சிறிதாகத் திருகி, துப்பாக்கி லேசான இறுக்கத்தோடு மூடும் நிலையிலேயே நிறுத்திவிடுவார்கள்.

கட்டுரை தொடாத இரண்டு ஆபத்துகளையும் இங்கே குறிப்பிட வேண்டும். முதலாவது, அடியில் பதிந்த எழுத்து மாறாது என்பது. .30-30 என்று பொறித்த உறைக்குள் இருப்பது இப்போது ஹெரெட் தோட்டா. செய்தவருக்கு அது தெரியும். அவருடைய பெட்டியைப் பிற்காலத்தில் திறப்பவருக்குத் தெரியாது. பெட்டியின் மேல் துப்பாக்கி, குண்டின் எடை, நாள் ஆகியவற்றை எழுதி வைக்காதவரின் கைவேலை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அதை நான் நல்ல வேலை என்று சொல்லமாட்டேன். இரண்டாவது, உள்கொள்ளளவு. தடித்த சுவருள்ள உறைக்குள் இடம் குறைவு; அதே அளவு வெடிமருந்து அங்கே கூடுதல் அழுத்தத்தைத் தரும். தரப்படுத்தப்பட்ட தோட்டாக்களுக்கு நிறுவனங்கள் ஆய்வகத்தில் அளந்து வெளியிடும் அட்டவணைகள் உண்டு. பெரும்பாலான வைல்ட்கேட்களுக்கு அந்த வசதி கிடையாது. எனவே, உருவாக்கிய உறைகளில் தண்ணீர் நிரப்பி எடைபோட்டு, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே அடுத்த வேலைக்குப் போவது இங்குள்ள அனுபவசாலிகளின் பழக்கம்.

உருவாக்கி முடித்த பிறகு கழுத்தை ஒருமுறை இளக்க வேண்டிய காரணத்துக்கு இந்தியாவோடு நேரடித் தொடர்பு இருக்கிறது. தங்கள் வாசகர்களுக்கு இது ஆர்வமூட்டும் என்று நம்புகிறேன். பிரிட்டிஷ் இந்தியாவில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த தோட்டாக்களின் பித்தளை உறைகள், யாரும் தொடாமலேயே, மழைக்காலத்தில் விரிசல் விட்டன. பருவத்தோடு சேர்ந்து வந்ததால் அதற்குப் பருவ விரிசல் என்றே பெயர் வந்தது. காரணத்தை 1921-இல் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் ஆகியோர் விளக்கினார்கள்: வடிவம் கொடுத்தபோது பித்தளைக்குள் தங்கிவிட்ட இழுவிசையும், குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியாவும், ஈரக்காற்றும் ஒன்றுசேர்ந்து செய்த வேலை அது. தங்கியிருக்கும் இழுவிசையை மிதமான சூட்டில் போக்கிவிட்டால் விரிசல் விழாது. தோளைத் தள்ளி, கழுத்தைக் குறுக்கி உருவாக்கிய வைல்ட்கேட் உறையில் அந்த இழுவிசை நிறையவே தங்கியிருக்கும். அதை அப்படியே நிரப்பி அலமாரியில் வைத்தால் சுடும் முன்பே கழுத்தில் நெடுக்காக மயிரிழைக் கீறல் ஓடக்கூடும். அம்மோனியா கலந்த பித்தளை மெருகுத் திரவங்களைத் தோட்டா உறைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று இங்கே திரும்பத் திரும்பச் சொல்வதும் அதனால்தான்.

சட்டத்தைப் பற்றி ஒரு சொல். தம் சொந்தப் பயன்பாட்டுக்குத் தோட்டா நிரப்பிக்கொள்ள அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் தனி உரிமம் தேவையில்லை. விற்பனைத் தொழிலாகச் செய்தால் தேவை. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவின்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். தங்கள் கட்டுரை இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டதால், படித்துவிட்டு இந்தியாவிலும் முயன்று பார்க்கலாம் என்று யாரும் எண்ணிவிட இடமிருக்கிறது.

ஆகவே, உறை முழுவதையும் சிவக்கக் காய்ச்ச வேண்டும் என்ற வாக்கியத்தை நீக்கி, கழுத்தும் தோளும் மட்டுமே சூடாக்கப்படும், அடிப்பகுதியில் சூடு படவே கூடாது என்று ஒரு திருத்தக் குறிப்பை அடுத்த ஞாயிறு இணைப்பில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். படக்குறிப்பையும் அதனுடன் சேர்த்துத் திருத்தினால் நன்று.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்,
உலோகவியல் பொறியாளர் (ஓய்வு),
பீனிக்ஸ், அரிசோனா.